கையேந்தி வந்த துரோகங்கள்

எங்கள் பெரியப்பா இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, தம் காரியத்தன்று என்ன நடக்க வேண்டும் என்பதைச் சொல்லி வைத்திருந்தார். "சாப்பாடு உங்க இஷ்டம். கூத்து மட்டும் கர்ண மோட்சமா இருக்கணும்" என்றார். செய்யாற்றுக்கும் வந்தவாசிக்கும் இடைப்பட்ட எங்கள் பக்கத்தில் இந்த ஆசையைக் கேட்டு யாரும் வியப்படைய மாட்டார்கள். வட மாவட்டங்களில் இறந்தவருக்கான காரியத்தை ஒட்டி விடிய விடியக் கூத்து வைக்கும் வழக்கம் உண்டு. அந்த இரவுக்குக் குழுவினரிடம் பெரும்பாலும் கேட்கப்படுவது கர்ண மோட்சம்தான். கர்ணனுக்குக் கிடைத்த கதி நம் வீட்டு மனிதருக்கும் கிடைக்கட்டும் என்ற வேண்டுதல் அதற்குள் இருக்கிறது.

அதுவரை நான் கர்ண மோட்சத்தை முழுமையாகப் பார்த்ததே இல்லை. சிறுவயதில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பலமுறை பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்; ஒவ்வொரு முறையும் கர்ணன் சாவதற்கு முன்பே ஆயாவின் மடியில் தூங்கிப் போயிருக்கிறேன். காலையில் கண் விழிக்கும்போது வேடம் கலைத்த நடிகர்கள் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். கர்ணன் எப்படிச் செத்தான் என்று கேட்டால், "ஆறு பேரு சேந்து கொன்னாங்க" என்பார் ஆயா. பரசுராமர், சாபமிட்ட அந்தணர், இந்திரன், குந்தி, சல்லியன், கண்ணன் என்று விரல் மடித்து எண்ணுவார். அம்பு விட்டுக் கொன்ற அர்ச்சுனன் அந்தப் பட்டியலில் ஒருபோதும் வந்ததில்லை. அந்த விடுபடல் எவ்வளவு நுட்பமானது என்பது பெரியப்பாவுக்காக நான் கண் விழித்திருந்த அந்த இரவில்தான் எனக்குப் புரிந்தது.

இரவு பத்து மணிக்கு மேல் மத்தளமும் முகவீணையும் தொடங்கின. கட்டியங்காரன் வந்து ஊரைச் சிரிக்க வைத்து, நாடகத்தின் பெயரைச் சொல்லி, இறந்தவரின் பெயரையும் சொன்னபோது கூட்டம் அமைதியானது. நள்ளிரவை நெருங்கும்போது இருவர் திரையைப் பிடிக்க, அதன் பின்னால் கர்ணன் வந்து நின்றார். முதலில் கிரீடத்தின் உச்சி மட்டும் திரைக்கு மேலே தெரிந்தது. பிறகு கீழே சலங்கை கட்டிய கால்கள். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடமும் புஜக்கட்டைகளும் மார்புப் பதக்கமும் திரை விலகிய கணத்தில் வெளிச்சத்தை வாரி இறைத்தன. அரச வேடங்களுக்கு உரிய இந்த மர அணிகளால்தான் இதைக் கட்டைக்கூத்து என்றும் சொல்கிறார்கள். கர்ணன் கூத்தாடும் இடமான களரியைச் சுற்றிச் சுழன்று ஆடியபோது முன்வரிசைப் பிள்ளைகள் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அந்த ஆட்டத்தில் இருந்த பெருமிதத்தைப் பார்த்தவர்கள், இன்னும் ஐந்து மணி நேரத்தில் சாகப் போகிறவன் இவன் என்று நம்ப மாட்டார்கள்.

காவியங்களில் துரோகத்தால் வீழ்ந்த வீரர்கள் பலர் உண்டு. முதுகில் குத்தியவன், கோட்டைக் கதவைத் திறந்துவிட்டவன், உணவில் நஞ்சு வைத்தவன் என்று அவர்களுக்கு எதிராக ஒரு மறைவான கை இருக்கும். வீரனுக்குத் தெரியாமல் அந்தக் கை வேலை செய்யும். கர்ணனின் கதை அந்த வகையில் அடங்காது. அவனை வீழ்த்திய துரோகங்களில் முக்கியமானவை அவன் வீட்டு வாசலுக்கு வந்து, அவன் முகத்தைப் பார்த்து, கையேந்தி நின்றன. அவை துரோகங்கள் என்பதை அவன் ஒவ்வொரு முறையும் அறிந்திருந்தான். அறிந்தும் கொடுத்தான்.

இந்திரன் அந்தணனாக வந்து கவசத்தையும் குண்டலத்தையும் கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். வருபவன் இந்திரன், தன் மகன் அர்ச்சுனனுக்காக வருகிறான் என்று சூரியன் முன்கூட்டியே கனவில் வந்து எச்சரித்துவிட்டான். வியாச பாரதத்தில் கர்ணன் அந்த எச்சரிக்கையை வைத்துக்கொண்டு ஓரளவு கணக்குப் பார்க்கிறான். கவசத்துக்கு ஈடாக ஒரே ஒருமுறை எறியத்தக்க சக்தி ஆயுதத்தைப் பெற்றுக்கொள்கிறான். அர்ச்சுனனுக்கென்று அவன் பொத்தி வைத்திருந்த அந்த ஆயுதமும் போரின் பதினான்காம் நாள் இரவில் கடோற்கசன்மேல் செலவாகிவிடுகிறது. தமிழ்க் கூத்து இந்தக் கணக்கைப் பெரிதாகப் பேசுவதில்லை. உடலோடு பிறந்த தோலை உரித்துக் கொடுத்தவன் என்பதையே அது திரும்பத் திரும்பச் சொல்கிறது. "கேட்டது யார் என்று தெரியும், கேட்டுவிட்டார் என்பது அதைவிடப் பெரிது" என்ற பொருளில் அன்றைய கர்ணன் பேசிய வசனத்துக்கு, பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் தலையாட்டியதை நான் பார்த்தேன்.

குந்தி வந்தது இதைவிடக் கொடுமையானது. பிறந்த அன்றே பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டவள், போர் உறுதியான பிறகு முதன்முறையாக மகனே என்று அழைத்துக்கொண்டு வருகிறாள். வில்லிபுத்தூரார் பாடிய பாரதத்தில், கண்ணன் சொல்லி அனுப்பியதால்தான் அவள் வருகிறாள். இரண்டு வரங்களைக் கேட்டுப் பெறுகிறாள். அர்ச்சுனன்மேல் நாகக் கணையை ஒருமுறைக்கு மேல் விடக் கூடாது. மற்ற நால்வரைக் கொல்லக் கூடாது. தாயின் முகத்தை அன்றுதான் பார்த்த மகன் இரண்டையும் தருகிறான். ஆனால் பாண்டவரோடு வந்து சேர்ந்துவிடு என்ற அழைப்பை மட்டும் மறுக்கிறான். தன் மனைவியின் மேகலை அறுந்து மணிகள் சிதறியபோது, தனித்த இடத்தில் அவளோடு இருந்த நண்பனைப் பார்த்து, "எடுக்கவோ கோக்கவோ" என்று ஐயமின்றிக் கேட்ட துரியோதனனுக்கு, "செஞ்சோற்றுக் கடன்" கழிப்பதே இனித் தனக்குப் புகழும் கருமமும் தருமமும் என்று சொல்லிவிடுகிறான்.

அதற்குப் பதிலாகக் கர்ணன் தாயிடம் தானும் இரண்டு கேட்கிறான். தான் சாகும்வரை இந்த உறவை மற்ற பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது. தான் களத்தில் விழுந்த பிறகு அவள் வந்து, தன்னை மடியில் வைத்துப் பால் கொடுத்து, ஊரறிய மகனே என்று சொல்ல வேண்டும். தமிழ் மரபில் கர்ணன் தனக்கென்று கேட்டுப் பெற்றவை மிகக் குறைவு. அவற்றில் இதுவும் ஒன்று. அதுவும் செத்த பிறகு கிடைக்க வேண்டியது.

கண்ணனும் போருக்கு முன்பே அவனைச் சந்தித்து, நீயே மூத்தவன், அரசு உனக்கே என்று சொல்கிறான். வியாசரின் கர்ணன் அதற்குத் தரும் மறுமொழி வியக்க வைப்பது: இதைத் தருமனிடம் சொல்லிவிடாதே, தெரிந்தால் அவன் அரசை எனக்குத் தந்துவிடுவான், நான் அதைத் துரியோதனனுக்குத் தந்துவிடுவேன். கையில் வந்ததை மூடி வைத்துக்கொள்ளத் தெரியாத தன் குறை அவனுக்கே தெரிந்திருக்கிறது. கூத்தில் இந்தப் பகுதி விரைவாகக் கடந்துவிடுகிறது. ஊர் காத்திருப்பது பொன்னுருவிக்காக.

பொன்னுருவி கர்ணனின் மனைவி. வியாசரிடம் நாம் காணாத இந்தப் பெண்ணைத் தமிழ்க் கூத்து தன் கையால் வளர்த்து நடுக்களரியில் நிறுத்தியிருக்கிறது. அரசன் மகளான தன்னைக் குலம் தெரியாதவனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்களே என்ற கசப்போடு அவள் வாழ்கிறாள். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் முன் கர்ணன் அவளிடம் விடைபெற வருகிறான். அன்று பொன்னுருவி வேடம் கட்டியவர் ஐம்பது வயதைக் கடந்த ஆண். அவர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கணவனுக்கு முதுகைக் காட்டியபடியே பேசினார். தேரோட்டி வளர்த்த பிள்ளைக்குப் போர்க்களத்தில் என்ன வேலை, என்னைத் தொடாதே, எட்டி நின்று பேசு என்று அவர் ஒவ்வொரு அடியாகப் பாட, பின்பாட்டுக்காரர்கள் ஒவ்வொன்றையும் திருப்பிப் பாடினார்கள். ஒருமுறை கேட்டாலே சுடும் சொற்கள் இரண்டிரண்டு முறை காதில் விழுந்தன.

களத்தில் யாரும் கர்ணனிடம் நேருக்கு நேர் இப்படிப் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான், எல்லாரும் இப்படித்தான் பேசினார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அரங்கேற்றத்தில் குலம் என்ன என்று கேட்டார்கள். பீஷ்மர் அவனைப் பாதி வீரன் என்றார். அந்தச் சினத்தில் அவன் பத்து நாள் போரைத் தவறவிட்டான். வெளியே கேட்ட சொல்லைக் கூத்து அவன் வீட்டுக்குள் கொண்டுவந்து, தினமும் சோறு போடும் கையிடமிருந்து கேட்க வைக்கிறது. எங்கள் ஊர்க் களரியில் அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர், குலத்தின் பெயரால் எட்டி நில் என்ற சொல்லைத் தம் வாழ்நாளில் கேட்டவர்கள், சிலர் சொன்னவர்கள். அந்த நேரத்தில் இரு சாராரும் ஒரே மாதிரி அமைதியாக இருந்தார்கள்.

கர்ணன் கடைசியில் தன் பிறப்பைச் சொல்லிவிடுகிறான். நான் குந்தியின் மகன், சூரியனின் மகன், நாளை நான் எதிர்த்து நிற்கப் போவது என் தம்பிமாரை. பொன்னுருவி திரும்பிய வேகத்தில் அவர் தலையில் வைத்திருந்த பூச்சரம் அறுந்து விழுந்தது. அது நடிப்பில் சேர்ந்ததா தற்செயலா என்று எனக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகள் பேசியதற்கெல்லாம் சேர்த்து அவர் காலில் விழுந்து அழுதார். போகாதே என்று கெஞ்சினார். அதுவரை வெறுப்பே காட்டிய மனைவியிடமிருந்து அன்பு கிடைத்த அதே நாழிகையில் அவன் போக வேண்டியிருக்கிறது. கேட்பவர் யாருக்கும் இல்லை என்று சொல்லாதவன், இவள் கேட்டதற்கு மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். இந்த ஒரு மறுப்பைப் பற்றி இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் கொடுத்தவன் வீட்டில் கொடுக்காமல் போன கணக்கு ஒன்று, ஒவ்வொரு கொடையாளியின் வீட்டிலும் இருக்கும் என்று தோன்றுகிறது.

பெரியப்பாவைப் பற்றியும் இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாருடைய கடனுக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு, கடன் வாங்கியவர் ஊரை விட்டுப் போய்விட, அரை ஏக்கர் நஞ்சையை விற்று அடைத்தவர் அவர். தெரிந்தே ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று பெரியம்மா கேட்டபோதெல்லாம், "வாசல்ல வந்து நின்னுட்டான், என்னா பண்றது" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொன்னதில்லை. பொன்னுருவி அழுதபோது நான் பெரியம்மா பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை.

விடியலுக்கு ஓரிரு மணி நேரம் இருக்கும்போது போர் தொடங்கியது. கூத்தில் தேருக்கு ஒரு மரப் பெஞ்சு போதும். சற்று முன்பு சிம்மாசனமாக இருந்த அதே பெஞ்சின்மேல் கர்ணன் ஏறி நிற்க, சல்லியன் கீழே நின்று இல்லாத கடிவாளத்தைப் பிடித்தார். ஆறு பேரில் இந்தச் சல்லியனைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்திரனும் குந்தியும் தம் பிள்ளைகளுக்காகக் கேட்டார்கள். இவனோ கர்ணனின் தேர்த்தட்டிலேயே உட்கார்ந்திருப்பவன். கர்ணனின் தேரைச் செலுத்த நேர்ந்தால் பேச்சாலேயே அவன் ஊக்கத்தைக் கெடுப்பேன் என்று தருமனுக்கு முன்பே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவன். சாபமிட்டவர்களும் வரம் கேட்டவர்களும் தூரத்தில் இருக்க, குதிரைக் கடிவாளம் ஓர் எதிரியின் கையில். அன்றைய போரில் கர்ணனின் கண்முன்னே அவன் மகன் விருஷசேனன் விழுந்துவிட்டான். அந்தத் துயரத்தோடு எதிரியையும் தேரோட்டியையும் ஒரே நேரத்தில் அவன் சமாளிக்க வேண்டும்.

நாகக் கணையைத் தொடுத்தபோது, மார்பைப் பார்த்து விடு என்றான் சல்லியன். கர்ணன் கழுத்துக்குக் குறி வைத்தான். வைத்த குறியை மாற்றுவது வீரனுக்கு அழகில்லை என்றான். கண்ணன் தேரை நிலத்தில் அழுத்த, கணை அர்ச்சுனனின் முடியை மட்டும் தட்டிக்கொண்டு போனது. திரும்பி வந்த நாகம், இன்னொரு முறை என்னை விடு என்று கெஞ்சியது. குந்திக்குக் கொடுத்த வாக்கு நடுவில் நின்றது. கர்ணன் மறுத்தான். நான் பார்த்த கூத்தில், அந்த மறுப்போடு சல்லியன் கடிவாளத்தைப் போட்டுவிட்டுத் தேரிலிருந்து போய்விட்டார். களரியில் அப்போது கர்ணன் மட்டும் நின்றார்; வலப்புறம் ஜெனரேட்டரின் இரைச்சல், இடப்புறம் பின்பாட்டுக்காரர்களின் பெருமூச்சு.

பெஞ்சின் ஒரு காலைக் கர்ணன் பிடித்துத் தூக்கினார். அதுதான் மண்ணில் புதைந்த தேர்ச்சக்கரம். தூக்க முடியாதவரைப் போல முழங்கால் மடங்கி, கிரீடம் முன்னால் சரிய, மர அணிகளின் பாரமெல்லாம் கழுத்தில் இறங்க, மீண்டும் தூக்கினார். அந்தப் பெஞ்சின் எடை பத்துக் கிலோகூட இருக்காது. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து போய் ஒரு கை கொடுக்கப் பார்த்தான். அவன் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

வியாசர் இந்த இடத்தில் கர்ணனுக்கு இரக்கம் காட்டவில்லை. சக்கரத்தைத் தூக்கும்வரை பொறு, அதுதான் அறம் என்று கர்ணன் கேட்க, கண்ணன் அவனிடம் ஒவ்வொன்றாகக் கணக்குக் கேட்கிறான். திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்தபோது உன் அறம் எங்கே போயிற்று? அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்றபோது எங்கே போயிற்று? கர்ணன் தலை குனிகிறான். பிறகு மீண்டும் வில்லை எடுக்கிறான், மீண்டும் சக்கரத்துக்கு இறங்குகிறான், அந்த நிலையில் அர்ச்சுனனின் கணை அவன் தலையைக் கொய்கிறது. சாபத்தால் அத்திரத்தின் மந்திரம் மறந்து, நிலத்தோடும் எதிரியோடும் ஒருங்கே போராடி, சினத்தோடு முடிகிற சாவு.

தமிழ் அந்தச் சாவை அப்படி முடிய விடவில்லை. வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுக்காரர். இன்று கூத்து தழைத்திருக்கும் நிலத்துக்குப் பக்கத்தவர். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் பாரதம் பாடிய அவர், கர்ணனின் கடைசி நாழிகையை நீட்டி, அதற்குள் இன்னுமொரு பிச்சையை வைத்தார். எத்தனை அம்பு பட்டும் கர்ணன் உயிர் போகவில்லை. அவன் செய்த தருமம் அவனைக் காத்து நிற்கிறது. அந்தத் தருமத்தையும் வாங்கிவிட்டால்தான் அவன் சாவான். அதற்காகக் கண்ணன் கிழ அந்தணனாக வருகிறான். மேருவில் தவம் செய்தவன், வறுமையில் உழல்கிறேன், நீ கொடுப்பவன் என்று கேள்விப்பட்டேன் என்கிறான்.

குருதி வழியக் கிடப்பவன் சொல்லும் மறுமொழியைப் போல ஒன்றை நான் வேறெங்கும் படித்ததில்லை. "ஆவியோ நிலையில் கலங்கியது, யாக்கை அகத்ததோ புறத்ததோ அறியேன்" என்று தொடங்குகிறான். உயிர் உள்ளே இருக்கிறதா வெளியே போய்விட்டதா என்றே தெரியாத நிலை. அடுத்து அவன் வருந்துவது சாவுக்காக இல்லை: "பாவியேன் வேண்டும் பொருளெலாம் நயக்கும் பக்குவம் தன்னில் வந்திலையால்." நான் வேண்டியதெல்லாம் தரக்கூடிய காலத்தில் நீ வரவில்லையே! கொல்ல வந்தவனிடம், நீ தாமதமாக வந்துவிட்டாய் என்று விருந்தோம்பும் மனிதன் வருந்துகிறான். பிறகு தான் செய்த புண்ணியம் அனைத்தையும் கொடுக்கிறான். இனிச் செய்யப் போவதையும் சேர்த்துக்கொள் என்கிறான். தாரை வார்க்க நீர் இல்லாத இடத்தில் தன் குருதியையே வார்க்கிறான். வரம் கேள் என்று சொல்லப்பட்டதும் அவன் கேட்பது, இன்னும் பிறவி உண்டானால் ஏழேழு பிறப்பிலும் "இல்லை என்று இரப்போர்க்கு இல்லை என்று உரையா இதயம்" வேண்டும் என்பதே.

அன்றைய கூத்தில் அந்தணராக வந்தவர் கைத்தடியை ஊன்றி, கர்ணனைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். கையை நீட்டும்போது அந்தக் கை நடுங்கியது. கேட்பவனுக்கும் கூச்சமாக இருக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். கர்ணன் தன் மார்பில் குத்தியிருந்த அம்பைப் பற்றி இழுத்து, அந்தக் கையில் உள்ளங்கையைக் கவிழ்த்தார். மத்தளம் நின்றுவிட்டது. கடைசிச் சமர் என்று சொல்கிறோமே, அதன் உச்சத்தில் ஒரு வில்லும் இல்லை. நீட்டிய கை ஒன்று, கவிழ்ந்த கை ஒன்று. ஆயாவின் பட்டியலில் அர்ச்சுனன் ஏன் வரவில்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது. அவன் கணை, எல்லாவற்றையும் கொடுத்து முடித்தவன்மேல் பட்டது.

எனினும் என் மனம் முழுவதுமாக ஒப்பவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம் நடக்கிறது; இரவுகளில் திரௌபதியின் திருமணத்தைச் சொல்லும் வில் வளைப்பிலிருந்து ஒவ்வொரு நாடகமாக ஆடப்படுகிறது. கர்ண மோட்சத்துக்கு அடுத்து வருவது பதினெட்டாம் போர். போர்க்களமாகப் பாவிக்கும் படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் தொடையைப் பீமன் பிளக்க, அவிழ்ந்த கூந்தலைத் திரௌபதி முடிகிறாள். பிறகு தீ மிதிப்பு. ஆக, அவளுடைய சபதம் நிறைவேறப் போகும் வேளையில், அவளுடைய கோயில் வாசலில், அவளைச் சபையில் இழிசொல் சொல்லி, ஆடையைக் களையச் சொன்னவனுக்காக ஊரே அழுகிறது. இது எப்படி நியாயமாகும்? கர்ணன் கொடையாளி என்பதால் அந்தச் சொல் அழிந்துவிடாது. துரியோதனனை மகிழ்விக்கச் சொன்ன கடுஞ்சொற்களுக்காக வருந்துகிறேன் என்று அவனே கண்ணனிடம் சொல்லியிருக்கிறான். திரௌபதியிடம் போய்ச் சொல்லவில்லை.

இந்தக் கேள்வியைக் கூத்துக் குழுவில் முகவீணை வாசிக்கும் முதியவரிடம் நள்ளிரவு இடைவெளியில் கேட்டேன். அவர் வாத்தியத்தின் சீவாளியை நனைத்துக்கொண்டே, "அம்மா முன்னாலதானே அழறோம் தம்பி. அவங்க வேணாம்னு சொல்லலியே" என்றார். வாதத்தில் வெல்லும் பதில் இது இல்லை என்று அப்போது நினைத்தேன். இப்போது வேறு விதமாகப் படுகிறது. குற்றம் செய்தவனின் சாவுக்கு, குற்றத்துக்கு ஆளானவளின் முன்னிலையிலேயே அழுவதற்கு ஓர் இரவை ஒதுக்கி, அடுத்து அவள் பழியைத் தீர்த்துக்கொள்ளவும் இடம் தருகிற ஒழுங்கு அந்தத் திருவிழாவில் இருக்கிறது. ஒன்றுக்காக மற்றொன்றைத் தள்ளுபடி செய்யவில்லை. தண்டனை குறையவில்லை; அழுகையும் குறையவில்லை. கர்ணனை முழுக்க நல்லவனாக்கிக் காட்டும் கதைகளைவிட இந்த ஒழுங்கில் எனக்கு மதிப்பு அதிகம். கண்ணன் கேட்ட கணக்கைக் கூத்தும் மறைக்கவில்லை. அபிமன்யுவின் பெயரைச் சொன்னபோது கர்ணனின் முகம் தாழ்ந்ததை நான் பார்த்தேன். சில இரவுகளுக்கு முன் அதே குழு, அதே மர அணிகளோடு, அபிமன்யுவின் வில்லை முறித்த கர்ணனையும் ஆடியிருக்கும்.

கிழக்கு வெளுக்கும்போது கர்ணன் விழுந்தார். பெஞ்சைச் சாய்த்து அதன்மேல் அவரைக் கிடத்தினார்கள். குந்தி தலைவிரி கோலமாக ஓடி வந்தார். தெருவின் மறுமுனையிலிருந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, அழுதபடியே ஓடி வந்தார். கர்ணனின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, என் மூத்த மகனே என்று உரக்கச் சொன்னார். கேட்டுப் பெற்றிருந்த ஒன்று அவனுக்கு அப்போது கிடைத்தது. யாரைக் கொன்றோம் என்று தெரிந்து அர்ச்சுனன் வில்லைப் போட்டார். குந்தி ஒப்பாரியைத் தொடங்கினார். பெட்டியில் வைத்து விட்ட நாளிலிருந்து தொடங்கி, தாலாட்டாத தாலாட்டையெல்லாம் ஒப்பாரியாகப் பாடினார்.

இரண்டாவது அடி முடிவதற்குள் பெரியம்மா எழுந்துவிட்டார். யாரும் அழைக்கவில்லை. பதினைந்து நாளாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தவர், களரிக்குள் நடந்து போய், குந்திக்கு எதிர்ப்புறமாகக் கர்ணனின் காலருகே அமர்ந்தார். காரியத்துக்கு வாங்கி வைத்திருந்த புது வேட்டியை விரித்து, வியர்வையும் அரிதாரமும் கலந்து வழிந்த அந்த மார்பின்மேல் போர்த்தினார். பிறகு தம் ஒப்பாரியைத் தொடங்கினார். அதில் கர்ணன் இல்லை. விற்றுப்போன நஞ்சை இருந்தது, வாசலில் வந்து நின்றவன் இருந்தான், என்னிடம் ஒரு சொல் கேட்டாயா என்ற கேள்வி இருந்தது. குந்தி வேடத்தில் இருந்தவர் தம் பாட்டை நிறுத்திக்கொண்டு, பெரியம்மாவின் ஒவ்வொரு அடிக்கும் பின்பாட்டாக "ஆமாம்மா" என்று சேர்ந்துகொண்டார். ஆர்மோனியக்காரர் சுருதியை விடவில்லை. கர்ணனாகக் கிடந்தவர், இரவெல்லாம் ஆடிய உடம்பு மூச்சில் ஏறி இறங்கியபோதும், பெரியம்மா அழுது முடித்துத் தாமாக எழும்வரை கண்ணைத் திறக்கவில்லை.